உடம்பு பூசினாற்போல ஆகிவிட்டது, குறைக்கும் எண்ணம் இல்லை. துணிமணிக்கும் வெயிலுக்கும் ஊர்வாய்க்கும் என்ன செய்கிறீர்கள்?

குடமுருட்டிக்கரை கேட்டது:

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எடை குறைக்க வழி கேட்டு இதை எழுதவில்லை. கொள்ளு ரசம், சியா விதை, வெந்நீரில் தேன், இதெல்லாம் வாட்ஸ்அப்பில் தினமும் வந்து விழுகிறது. அனுப்புகிறவர்களில் பாதிப்பேர் என்னைவிடக் குண்டு.

நான் வலங்கைமான் பக்கம். கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் பிரிவில் வேலை. வயது 47. கல்யாணத்தின்போது 42 கிலோ. "காத்தடிச்சா குடமுருட்டியில போய் விழுந்துடுவா" என்று மாமியார் வீட்டில் கேலி செய்வார்கள். இப்போது 78.

எப்படி ஏறியது என்று எனக்கு நன்றாகவே தெரியும். பல வருடம் நான் உட்கார்ந்து சாப்பிட்டதே கிடையாது. எல்லோருக்கும் பரிமாறி முடித்து, குழம்புச் சட்டியில் ஒட்டியிருப்பதில் சோற்றைப் போட்டுப் பிரட்டி, அடுப்படி மேடையில் சாய்ந்துகொண்டே நாலு வாய். ரசம் அடிமண்டி. அப்பளம் இருந்தால் உடைந்தது. எல்லாமே ஆறிப்போயிருக்கும். மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார், பெரியவள் கல்யாணமாகிப் போய்விட்டாள், சின்னவள் கோயம்புத்தூரில் ஹாஸ்டல். வீட்டில் நானும் அவரும்தான். "நீ எதுக்கு நிக்கிற, உனக்கும் ஒரு தட்டைப் போடு" என்று அவர்தான் ஆரம்பித்து வைத்தார். அன்றிலிருந்து சூடாகச் சாப்பிடுகிறேன். ஆவி பறக்கிற சோற்றில் நெய் உருகுவதைப் பார்த்துக்கொண்டே பருப்பைப் பிசைவது என்பது இத்தனை காலம் நான் பிறருக்குச் செய்துகொடுத்த காரியம். இப்போது எனக்கும் கிடைக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை இட்லிக்குக் கடப்பா. கும்பகோணத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காக: பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, உருளைக்கிழங்கைக் கையால் உதிர்த்துப் போட்டு, தேங்காய், பொட்டுக்கடலை, சோம்பு, கசகசா, பச்சைமிளகாய் அரைத்து ஊற்ற வேண்டும். பட்டை, கிராம்பு, பிரிஞ்சி இலையோடு வெங்காயம் தாளித்து, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிட்டுத்தான் எலுமிச்சை பிழிய வேண்டும். அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் கசந்துவிடும். இட்லி மேல் ஊற்றி இரண்டு நிமிடம் விட்டால் இட்லி குடித்துவிடும், அப்புறம் இன்னொரு கரண்டி. முன்பெல்லாம் இதைச் செய்த நாளில் எனக்குக் கடைசியில் இட்லிதான் மிஞ்சும், கடப்பா மிஞ்சாது.

மாதவிலக்கும் நின்றுபோனது, அதுவும் ஒரு காரணம் என்று டாக்டரம்மா சொன்னார். எதுவோ, கழுத்து எலும்பு மூடிவிட்டது, கன்னம் வந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் என் அம்மாவின் முகம் தெரிகிறது. சின்னவள் லீவுக்கு வந்தால் மடியில் படுத்துக்கொண்டு, "இப்பதாம்மா தலகாணி மாதிரி இருக்கே, முன்னாடி எலும்பு குத்தும்" என்கிறாள். எனக்கு இந்த உடம்பு பிடித்திருக்கிறது.

தொல்லை உடம்பில் இல்லை, சுற்றியிருக்கிற சாமான்களில் இருக்கிறது. ஆபீஸ் சுழல் நாற்காலியின் கைப்பிடிகள் தொடையைக் கவ்விக்கொள்ளும். எழுந்தால் நாற்காலியும் கூடவே எழும். ஃபேன் பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் தம்பியிடம் சொல்லி இரண்டு கைப்பிடியையும் கழற்றிப் பீரோ மேல் வைத்துவிட்டேன், அது தீர்ந்தது. தீராதவை இவை. ஜாக்கெட் எல்லாம் கையில் இறுக்குகிறது, பிரித்துவிட உள்ளே துணியே இல்லை. சித்திரை வெயிலில் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆபீஸ் போவதற்குள் தொடை உரசித் தீப்பிடிக்கிறது. அப்புறம், வைகாசியில் மாயவரத்தில் ஒரு கல்யாணம். நாத்தனார் வருகிறார். அவர் வாயை என்ன செய்வது?

அரசலாறு எழுதியது:

நாத்தனார் விஷயத்தை என்னிடம் விடுங்கள் அக்கா, நான் அதில் பழுத்தவள். காரைக்கால் எங்கள் ஊர், 85 கிலோ.

"என்னடி இப்படி ஊதிட்டே" என்றால் நீங்கள் விளக்கம் சொல்லவே கூடாது. தைராய்டு, மாத்திரை, வயசு என்று ஆரம்பித்தீர்களோ, பந்தி முடிகிறவரைக்கும் வைத்தியம் சொல்வார்கள். கூட ஒரு ஒன்றுவிட்ட சித்தி சேர்ந்துகொள்வார். "உங்க தம்பி சம்பாத்தியம் அண்ணி, உடம்புல ஒட்டுது" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். அதற்கு மேல் அவரால் ஒன்றும் பேச முடியாது. பேசினால் தம்பி வீட்டைப் பேசினதாக ஆகும்.

பந்தியில் கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருப்பார்கள். முன்கூட்டியே போய் மண்டபத்துப் பையனிடம் கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்று கேட்டு, இலை ஓரமாக உட்கார்ந்துவிடுவேன். ஓரம் என்றால் எழுந்திருக்கவும் லகு, பரிமாறுகிறவர் திரும்பும் இடமும் அதுதான், பாயசம் இரண்டாம் தடவை கிடைக்கும்.

மன்னை தையல் எழுதியது:

மன்னார்குடியில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன்.

அளவு ஜாக்கெட் கொடுப்பதை முதலில் நிறுத்துங்கள். அந்த ஜாக்கெட் பழைய உடம்புக்குத் தைத்தது. பலர் என்ன செய்கிறார்கள் என்றால், பழசைக் கொடுத்து, "இதைவிடக் கொஞ்சம் லூசா" என்கிறார்கள். எங்கே லூசாக? உடம்பு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஏறுவதில்லை. உங்கள் வயதில் பெரும்பாலும் மேல்கையும் முதுகும்தான் ஏறும், தோள் அகலம் அப்படியேதான் இருக்கும். மொத்தமாகப் பெரிதாக வெட்டினால் தோள் வழியும், கை அப்போதும் இறுக்கும். நேரில் போய் நின்று டேப்பில் எடுக்கச் சொல்லுங்கள். கையை மடக்கியபடி ஒரு தடவை, தொங்கவிட்டு ஒரு தடவை மேல்கைச் சுற்று எடுக்க வேண்டும். மடக்கினால் சதை கூடும், அந்த அளவுதான் சரி.

துணி 80 சென்டிமீட்டர் போதும் என்று கடையில் கொடுப்பார்கள். ஒரு மீட்டராக வாங்குங்கள். இரண்டு பக்கமும், கையிலும் ஒன்றரை இன்ச் உள்ளே விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். சில டெய்லர்கள் முகம் சுளிப்பார்கள், உள்ளே மடிப்பு தடிமனாக இருந்தால் ஃபிட்டிங் எடுப்பாக இருக்காது என்பார்கள். அது உண்மைதான், ஆனால் ஆறு மாதம் கழித்துப் பிரிக்க வேண்டி வந்தால் அந்த ஒன்றரை இன்ச்தான் உதவும். பருத்தித் துணி என்றால் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்டுவிட்டுக் கொடுங்கள். தைத்த பிறகு சுருங்கினால் யாரும் பொறுப்பில்லை.

இன்னொன்று, யாரும் பேசுவதில்லை. உள்பாவாடை நாடா. உடம்பு ஏறினால் புடவை நிற்காது என்று பயந்து நாடாவை இன்னும் இறுக்கிக் கட்டுகிறார்கள். இடுப்பைச் சுற்றிக் கறுத்த கோடு, அதில் அரிப்பு, புண். 2024இல் ஒரு மருத்துவ இதழில், நம் நாட்டுப் பெண்கள் இருவருக்கு அந்த இடத்துப் புண் ஆறாமல் தோல் புற்றுநோயாகவே மாறியதாக எழுதியிருந்தார்கள். அபூர்வம்தான், பயமுறுத்தவில்லை. நான் இப்போது கேட்கிறவர்களுக்கு நாடாவுக்குப் பதில் மூன்று இன்ச் அகலப் பட்டி வைத்து, பக்கத்தில் கொக்கி இரண்டு வரிசை தைத்துக் கொடுக்கிறேன். புடவை அதிலேயே நிற்கிறது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கொக்கி தளர்த்திக்கொள்ளலாம்.

நடைராஜா எழுதியது:

மன்னிக்கவும், எல்லோரும் சேர்ந்து உற்சாகப்படுத்துவதைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. 78 கிலோவை மகிழ்ச்சியாக ஏற்றுக்கொள்கிறேன் என்பது கேட்க நன்றாக இருக்கும். சர்க்கரை வந்து காலில் புண் வந்தால் அப்போது தெரியும். டெல்டாவில் மூன்று வேளையும் சோறுதான், அதுதான் வினை. அரிசியை விட்டுவிட்டுச் சாமை, தினைக்கு மாறுங்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் நடங்கள். நான் 16 கிலோ குறைத்தேன்.

குடமுருட்டிக்கரை எழுதியது:

தம்பி, குறைத்ததற்குச் சந்தோஷம். நடப்பதில்லை என்று நான் எங்கும் சொல்லவில்லையே? சாயங்காலம் அவரோடு மாரியம்மன் கோயில் வரைக்கும் போய்வருகிறேன். எங்கள் பாடைகட்டி மாரியம்மன்தான், பங்குனியில் பாடைக் காவடி எடுப்பார்களே. போகும்போது வாய்க்காலில் தண்ணீர் வந்ததா என்று அவர் பார்ப்பார், நான் யார் வீட்டு வாசலில் புது வண்டி நிற்கிறது என்று பார்ப்பேன். பிடித்துத்தான் போகிறேன். சாப்பிட்டதற்குத் தண்டனையாக ஐந்து மணிக்கு எழுந்து நடக்கச் சொன்னால் மூன்றாம் நாள் நிறுத்திவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

சர்க்கரை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கடைசியாகப் பார்த்த மூன்று மாத சராசரி (HbA1c) 5.6. இனி சுகாதார நிலையத்தில் இருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். மிரட்டாமல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

வெண்ணாற்று நர்ஸ் எழுதியது:

மிரட்டவில்லை அக்கா. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை செய்கிறேன், நானும் ஒல்லி இல்லை.

5.6 என்பது நல்ல எண். 5.7இலிருந்து 6.4 வரை சர்க்கரை வரும் முன்நிலை, 6.5உம் அதற்கு மேலும் சர்க்கரை நோய் என்று கணக்கு. நீங்கள் எல்லைக்கோட்டுக்கு ஒட்டி இந்தப் பக்கம் நிற்கிறீர்கள், வருடம் ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள். கூடவே பிரஷர், தைராய்டு. எடை இயந்திரத்தைவிட நான் டேப்பைத்தான் நம்புவேன். இடுப்புச் சுற்று நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 தாண்டினால் கவனம் வேண்டும் என்பார்கள். மாதவிலக்கு நின்ற பிறகு, முன்பு தொடையிலும் பின்பக்கமும் சேர்ந்த கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேர ஆரம்பிக்கும், அதனால்தான். பி.எம்.ஐ. என்று உயரத்தையும் எடையையும் வைத்துப் போடுகிறார்களே, அந்த வாய்பாட்டைக் கண்டுபிடித்தவர் டாக்டரே இல்லை. 19ஆம் நூற்றாண்டு பெல்ஜியக் கணித அறிஞர் கெட்லே. மக்கள் கூட்டத்தின் சராசரியைப் பார்க்கப் போட்ட கணக்கு. ஒரு ஆளின் ரத்தத்தில் என்ன ஓடுகிறது என்று அது சொல்லாது. அதற்காக அதைத் தூக்கி எறியவும் வேண்டாம்.

நடைராஜா அண்ணனுக்கு ஒன்று: சாமையும் அரிசியும் 100 கிராமுக்குக் கலோரி ஏறக்குறைய ஒன்றுதான். சாமையில் நார்ச்சத்து கூடுதல், அது நல்லது. ஆனால் அரிசிக்குப் பதில் சாமை என்று இரண்டு தட்டு சாப்பிட்டால் என்ன லாபம்? அக்கா, சோறு சாப்பிடுங்கள். முதலில் கீரையையும் கூட்டையும் சாப்பிட்டுவிட்டு அப்புறம் சோற்றுக்கு வாருங்கள், சாப்பிட்டு முடித்ததும் ஒரு பத்து நிமிடம் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துவிடுங்கள். சர்க்கரை குபுக்கென்று ஏறாது. உங்கள் கடப்பாவில் பருப்பு இருக்கிறது, அது பரவாயில்லை. ஐந்து இட்லியை நாலாக்கினால் நான் சந்தோஷப்படுவேன்.

தொடை உரசலுக்கு: முட்டிக்குச் சற்று மேல்வரை வருகிற பருத்தி சைக்கிளிங் ஷார்ட்ஸ் உள்பாவாடைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் கொஞ்சம் தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ உரசும் இடத்தில். பவுடர் வேண்டாம், வியர்வையில் கட்டிகட்டியாகத் திரண்டு அதுவே அறுக்கும். குளித்ததும் மார்புக்குக் கீழும் தொடை இடுக்கிலும் ஈரம் போகத் துடைத்துவிட்டு உடுத்துங்கள். நம் பக்கத்துப் புழுக்கத்தில் படர்தாமரை வர அந்த ஈரம் ஒன்றே போதும். வந்துவிட்டால் மெடிக்கலில் கேட்டு எதையோ வாங்கிப் பூசாதீர்கள். பல களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். இரண்டு நாளில் அரிப்பு அடங்கின மாதிரி தெரியும், அப்புறம் முன்னைவிட அகலமாகப் பரவும். வாரத்துக்கு இரண்டு பேராவது இப்படி எங்களிடம் வருகிறார்கள்.

இன்னும் ஒன்று, அவரிடம் கேட்டுப் பாருங்கள்: நீங்கள் பலமாகக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று நின்று வருகிறதா? காலையில் எழும்போது தலை கனமாக, பகலில் உட்கார்ந்தபடியே தூக்கம் வந்தால் அதை மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள். வயசாகிவிட்டது என்று விடாதீர்கள்.

வேதாரண்யம் உப்பு எழுதியது:

எனக்கு ஜாக்கெட் பற்றியும் தெரியாது, சர்க்கரை பற்றியும் தெரியாது. எங்கள் அப்பாயி பற்றிச் சொல்கிறேன்.

கீழ்வேளூர்ப் பக்கம் அப்பாயிக்கு. நடவு ஆள். ஐப்பசி கார்த்திகையில் வீட்டில் நெல் தீர்ந்துவிடும். வயல் நண்டும் நத்தையும்தான் குழம்பு. தை அறுப்புக்குப் பிறகு கூலி நெல் வந்து இரண்டு வேளை சோறு ஓடினால், களத்துமேட்டில் ஒருத்தியை ஒருத்தி பார்த்து, "கன்னம் வந்துட்டுடி உனக்கு" என்பார்களாம். அதுதான் அவர்களுக்குப் பாராட்டு. கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்ட மண் இது. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேரைக் குடிசையோடு கொளுத்தியது அந்தத் தகராறில்தான். அப்பாயி அதைப் பற்றி வாய் திறந்து பேசமாட்டார். ஆனால் கடைசிவரை யாராவது பேரப்பிள்ளை ஒல்லியாக வந்து நின்றால், "அங்க சோறு போடலையா?" என்றுதான் கேட்பார், நலமா என்று கேட்கமாட்டார்.

இப்போது நடவுக்கு மிஷின் வந்துவிட்டது. உழைப்பு போய்விட்டது, சோறு அப்படியே இருக்கிறது, எல்லோருக்கும் தொப்பை. நர்ஸம்மா சொல்வது சரிதான். ஆனால் சதை பிடித்திருப்பதை ஒரு குற்றம்போல் பேசுவது எங்கள் வீட்டில் எனக்குத் தெரிந்து பத்துப் பதினைந்து வருடமாகத்தான். அப்பாயி இருந்திருந்தால் உங்களைப் பார்த்து நெட்டி முறித்துத் திருஷ்டி கழித்திருப்பார்.

குடமுருட்டிக்கரை எழுதியது:

வேதாரண்யத்துத் தம்பி, படித்துவிட்டு அவரிடமும் வாசித்துக் காட்டினேன். அவர் அப்பாவும் பண்ணையில் வேலை பார்த்தவர்தான். கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

நர்ஸம்மா, குறட்டை பற்றிக் கேட்டேன். "நீயா? நான் விடுறதுல உன்னுது எங்க கேக்குது?" என்கிறார். ஆகவே முதலில் அவரைத்தான் டாக்டரிடம் அழைத்துப்போக வேண்டும் போலிருக்கிறது. ஷார்ட்ஸ் கும்பகோணத்தில் வாங்கிவிட்டேன். கடைக்காரப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்து, "பாப்பாவுக்கா?" என்றாள். எனக்குத்தான் என்றேன், டபுள் எக்ஸெல் எடுத்துக் கொடுத்தாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்துவிட்டேன், ஒன்றும் எரியவில்லை. இந்த வயதுவரை யாரும் இதைச் சொல்லவில்லையே என்றுதான் இருக்கிறது. ஐந்தை நாலாக்குவது பற்றி யோசிக்கிறேன். வாக்குக் கொடுக்கவில்லை.

அரசலாறு, அந்த "தம்பி சம்பாத்தியம்" வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். சிரிக்காமல் சொல்ல வரவில்லை.

மன்னை தையல், உங்கள் கடை மன்னார்குடியில் எந்தப் பக்கம் என்று தனியாக அனுப்புங்கள். கல்யாணத்துக்கு இரண்டு ஜாக்கெட், கொக்கி வைத்த பாவாடை மூன்று. அரக்குப் பட்டு ஒன்று, மற்றது மயில்கழுத்து. நேரில் வந்து அளவு கொடுக்கிறேன்.

மன்னை தையல் எழுதியது:

அனுப்பிவிட்டேன் அக்கா. வியாழக்கிழமை வேண்டாம், பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்துகிறார்கள், சாயங்காலம் ஐந்துக்குத்தான் வரும். வெள்ளிக்கிழமை வாருங்கள். பட்டுப் புடவையோடு வந்த ஜாக்கெட் துணியை நீங்களாக வெட்டிவிடாதீர்கள், அப்படியே கொண்டுவாருங்கள். கை நீளம் பார்த்துவிட்டு, துணி போதாவிட்டால் ஓரத்து ஜரிகையைக் கைக்கு எடுத்துச் சமாளிக்கலாம்.